ஆற்றுக்கு ஒரு மனு: பெறுநர் யார்?

மனுவின் உடம்பு தயாராகிவிட்டது. 41 கையெழுத்து, 9 கைநாட்டு. பொருள் வரியும் எழுதியாகிவிட்டது: ‘தாமிரபரணியில் கழிவுநீர்க் குழாய் திறந்துவிடப்பட்டிருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருதல்’. ‘பெறுநர்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் வெறும் தாள்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்களுக்கு அதுதான் முகூர்த்தம். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்றால் பெறுநர் யார் என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதிவிடும். இந்த மனு அந்த வகை இல்லை. சேரன்மாதேவிக்குக் கீழே ஓர் ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு பெரியவரும் மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். ஊர்ப் பெயரையும் குழாய் யாருடையது என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் ஒருவர் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். படித்துறையில் அமிழ்த்தி எடுத்த தண்ணீர். மேலே தெளிவாகத்தான் இருந்தது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பாக, அரைத்த மாவைப் போல ஏதோ படிந்திருந்தது. பாட்டிலைச் சாய்த்தால் அது மெதுவாக எழுந்து நூல்நூலாகப் பிரிந்தது.

“இதிலேதான் அண்ணாச்சி நாங்கள் குளிக்கிறோம்” என்றார்.

யாருக்கு எழுதுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே மூன்று கட்சி. பெரியவர், “நாடாளுமன்றத்துக்கே எழுது தம்பி. எல்லாச் சட்டமும் அங்கேதானே பிறக்கிறது? எம்.பி. கையில் கொடுத்துவிட்டால் ஒரு சட்டம் போட்டு முடித்துவிடுவார்கள்” என்றார். பாட்டில் கொண்டுவந்தவருக்குச் சட்டமன்ற உறுப்பினர்தான் தோது. ஊர்க் கோவில் கொடைக்கு வருகிற மனிதர், முகம் தெரிந்தவர். மூன்றாமவருடைய மகன் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். எங்கும் போக வேண்டாம், நேரே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

ஒரு வாரம் தவணை வாங்கிக்கொண்டேன். இந்த ஊரில் மனு என்பது லேசான சொல் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக இதே அலுவலகத்துக்கு மனு கொடுக்க ஊர்வலமாக வந்தவர்கள்மீது தடியடி நடந்தது. தப்பிப்பதற்காக ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் இங்கே உட்கார்ந்து மனு எழுதுகிறவன் முகவரியைத் தப்பாக எழுதக் கூடாது என்று நினைப்பவன் நான்.

முதலில் பெரியவரின் வாசல், டெல்லி. மூன்றில் பெரியது அதுதான். ஆகையால் அதைப் பற்றிய மயக்கமும் பெரிது.

இங்கிலாந்தில் நாடாளுமன்றம் வைத்ததுதான் சட்டம். அங்கே அது போட்ட சட்டத்தை ரத்துசெய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. நம்முடையது அப்படிக் கட்டப்படவில்லை. நம் நாடாளுமன்றத்துக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறது அரசமைப்பு. 246-ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பங்கு வைத்திருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவில் ஒன்று. 1950-இல் தொடங்கியபோது அவற்றில் முறையே 97, 66, 47 இனங்கள் இருந்தன. நம் பாட்டிலில் இருக்கும் பொருள் எந்தப் பட்டியலில் வருகிறது? தண்ணீர், மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனம். பொதுச் சுகாதாரமும் துப்புரவும் அதே பட்டியலில் 6. குழாயைப் போடுகிற, போட விடுகிற உள்ளாட்சி அமைப்புகள் 5. மூன்றும் சென்னைப் பக்கம்.

“காவிரிக்கு மட்டும் டெல்லி வருகிறதே?” என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றியப் பட்டியலில் 56-ஆம் இனம், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள். 262-ஆவது பிரிவு, அப்படிப்பட்ட ஆற்றுத் தகராறுகளை நீதிமன்றங்களின் கையிலிருந்தே எடுத்துவிட நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. 1956-இல் போட்ட சட்டத்தின்படிதான் காவிரிக்கு 1990-இல் நடுவர் மன்றம் வந்தது. ஆனால் தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, எட்டு அணைக்கட்டுகளில் நின்று நின்று போய், புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. வழியில் எந்த மாநில எல்லையையும் தாண்டவில்லை. மக்களவைத் தொகுதிக் கணக்கில் பார்த்தால் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று இரண்டு தொகுதி. மாநிலக் கணக்கில் ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து முடிகிற ஆறு என்று மேடையில் நாம் பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமையேதான் டெல்லியின் முன்வாசலை நமக்கு அடைக்கிறது.

முன்வாசல் அடைத்திருந்தாலும் பக்கத்து வாசல்கள் உண்டு. 253-ஆவது பிரிவு, வெளிநாட்டு ஒப்பந்தங்களையும் சர்வதேச மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்ற எந்தப் பொருளிலும் சட்டம் போட நாடாளுமன்றத்தை அனுமதிக்கிறது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைச் சொல்லித்தான் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 249-ஆவது பிரிவின்படி, தேச நலனுக்குத் தேவை என்று மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானித்தால், மாநிலப் பட்டியலிலும் தற்காலிகமாகக் கைவைக்கலாம். ஒரு குழாய்க்காக அது நடக்காது.

நமக்கு நேரடியாகப் படுகிற பக்கவாசல் 252. இரண்டோ அதற்கு மேலோ மாநிலங்கள் தங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பொருளில் அவற்றுக்காக நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படிப் பிறந்தது. முதலில் கேட்டவை 12 மாநிலங்கள். தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லை, பிறகுதான் ஏற்றுக்கொண்டது. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இப்படி ஒப்படைத்த பொருளில் சட்டத்தைத் திருத்தும் உரிமை மாநிலத்துக்கு இல்லாமல் போய்விடுகிறது. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். அந்த நாடாளுமன்றமும் தன் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. 2024 பிப்ரவரியில் இந்தச் சட்டத்தில் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை பண அபராதம் வைத்தார்கள். இரண்டு அவைகளும் நிறைவேற்றிய பிறகும் அது முதலில் செல்லுபடியானது, கேட்டுத் தீர்மானம் போட்ட இமாசலப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும்தான். மற்ற மாநிலம் ஒவ்வொன்றும் தன் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை எவ்வளவு இருந்தாலும் டெல்லி மாநிலத்தின் வாசலில் நின்று கேட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பெரியவர் விடுவதாக இல்லை. “அப்படியென்றால் அரசமைப்பையே திருத்திவிடட்டுமே?”

திருத்தலாம். 1976-இல் 42-ஆவது திருத்தம் காட்டையும் கல்வியையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்ததே! தண்ணீரை அப்படி நகர்த்துவதற்கு, 368-ஆவது பிரிவின்படி இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதோடு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். அதற்கு மேலும் ஒரு கல் நட்டிருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7 பேர் ஒரு பக்கம் 6 பேர் ஒரு பக்கம் என்று பிரிந்து, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தாலும் குலைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மலையாளக் கரையில், காசர்கோட்டுப் பக்கத்து மடாதிபதி ஒருவர் மடத்து நிலத்துக்காகப் போட்ட வழக்கு அது. நிலம் போன கதை யாருக்கும் ஞாபகம் இல்லை, தீர்ப்பு நிற்கிறது. நீதிபதிகளை நியமிக்கும் ஆணையத்துக்கான 99-ஆவது திருத்தம் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அதை ரத்துசெய்தது.

சரி, சட்டம் வேண்டாம், எம்.பி.யால் வேறு என்ன ஆகும்? தனி உறுப்பினர் மசோதா என்று ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்று ஒதுக்கியது. சுதந்திரம் வந்ததிலிருந்து அப்படிச் சட்டமானவை 14 மட்டும், அதுவும் 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அரசின் மசோதா என்றால் கட்சிக் கொறடா சொன்னபடி வாக்களிக்காத உறுப்பினரின் பதவியே 1985-இல் வந்த பத்தாவது அட்டவணையால் போகலாம். சட்டம் செய்பவர் என்று நாம் அனுப்புகிற மனிதருக்குச் சட்டத்தில் இருக்கும் பங்கு இவ்வளவுதான்.

மனுக்குழுவுக்கு எழுதலாமா? மக்களவையில் 15 பேர் கொண்ட மனுக்குழு இருக்கிறது. என் தொழிலுக்கு அது தலைமைச் செயலகம் மாதிரி. அதன் விதியைப் படித்தபோது எங்கள் பெரியவருக்காகவே எழுதி வைத்தது போல் இருந்தது. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விசாரிக்கக்கூடிய விஷயம் ஆகாது, வழக்கமாக மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் ஆகாது, வேறு சட்டத்தில் பரிகாரம் இருந்தால் ஆகாது. நம் குழாய் மூன்றிலும் தட்டுப்படுகிறது. தமிழில் எழுதினால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு வேறு சேர்க்க வேண்டும். 350-ஆவது பிரிவு, எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் முறையிட உரிமை தருகிறது. சபை மட்டும் தன் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனாலும் டெல்லி வாசலை முழுக்கச் சாத்திவிட வேண்டியதில்லை. அதன் உண்மையான பலம் கேள்வியிலும் பணத்திலும் இருக்கிறது. மக்களவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். வாய்மொழியாகப் பதில் வேண்டிய கேள்விகள் நாளுக்கு 20, எழுத்தில் பதில் வருபவை 230. பதினைந்து நாள் முன்னறிவிப்புப் போதும். மாநில அரசு பார்க்க வேண்டியதைக் கேட்டால் தள்ளிவிடுவார்கள்; ஒன்றிய அரசு பார்க்க வேண்டியதாகத் திருப்பிக் கேட்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று அடையாளம் காட்டியபோது, அதில் தாமிரபரணியும் ஒன்று. ‘அந்தப் பகுதியைச் சீராக்க இதுவரை எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எத்தனை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஒப்புதல் தரப்பட்டது’ என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மத்தியத் திட்ட நிதி மாநிலப் பொருள்களுக்கும் போகிறது. சட்டம் நுழைய முடியாத இடத்தில் பணம் நுழைந்துவிடும். அந்தக் கணக்கைக் கேட்கிற உரிமை நாடாளுமன்றத்துடையது. ஓர் எம்.பி.யிடமிருந்து நான் எதிர்பார்ப்பது இந்தக் கேள்வி ஒன்றைத்தான்.

சென்னை வாசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிகாரம் அங்கேதான் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. அதை நிறைவேற்றியது நாடாளுமன்றம். ஆனால் துப்புரவையும் கழிவுநீரையும் உள்ளாட்சிக்கு எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே குழாயின் சாவி 234 பேர் இருக்கும் சபையிடம். துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் உறுப்பினர் எழுந்து கேட்டால், துறை அமைச்சர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். டெல்லியில் கிடைக்காத வசதி இது. குறை என்னவென்றால், சபை கூடும் நாள்கள் குறைவு. குழாயின் சொந்தக்காரர்களும் நம் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள். கோவில் கொடைக்கு வருகிற முகம் என்று அந்த அம்மா சொன்னதில் எனக்கு உறுத்தியது இதுதான்.

“ஜல்லிக்கட்டுக்கு நம் சட்டமன்றம்தானே சட்டம் போட்டது?” என்று அவர் கேட்டார். உண்மை. 2017-இல் மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். ஆனால் விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17. தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17. எண் ஒன்று, பட்டியல் வேறு. நமக்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. ஆற்றில் மாசுப் பொருளை விடக் கூடாது என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இருக்கிற சட்டத்தை நடத்திக்காட்ட ஆள் வேண்டும்.

அதனால்தான் அந்தச் சட்டக் கல்லூரிப் பையன் சொன்ன வாசலில் நான் அதிக நேரம் நின்றேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை 2010-இல் உண்டாக்கியது நாடாளுமன்றம்தான். ஆக, பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. அவர் கேட்ட சட்டம் ஏற்கெனவே பிறந்துவிட்டது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அது வேலை செய்யும் என்பதை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகளை நடுக்கல்லூர்ப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனபோது, தீர்ப்பாயம் உத்தரவிட்ட சில நாளிலேயே கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் கழிவுநீர் வழக்குக்காகத் தாமிரபரணியை நேரில் வந்து பார்த்தார்கள். தீர்ப்பாயம் இருந்தாலும் உயர் நீதிமன்றக் கதவு அடைபடாது. அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்தால்கூட எடுக்க முடியாது என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்பாயத்தில் ஒரே கெடுபிடி, காலக்கெடு. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நாடாளுமன்றம் தன் கேள்விகளுக்குக் காத்திருக்கும். இந்தக் கெடு யாருக்கும் காத்திருக்காது.

இதோடு யாரும் பேசாத ஒரு நான்காம் முகவரி அகப்பட்டது: மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீர்ச் சட்டத்தின் 49-ஆவது பிரிவின்படி, குற்ற நடவடிக்கை கோரி வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்த எந்தக் குடிமகனும் பிறகு தானே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். வாரியத்துக்கு எழுதுகிற மனுவிலேயே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், ஒரே தாள் மனுவாகவும் அறிவிப்பாகவும் ஆகிவிடும். கூலியும் ஒரு தாளுக்குத்தான்.

அடுத்த திங்கட்கிழமை, தை 20 வாக்கில், அவர்கள் வந்தபோது என் முடிவைச் சொன்னேன். குழாயும் ஆறும் இரண்டு தனி விஷயம். ஒரே மனுவில் போட்டால் இரண்டும் கெடும். குழாய்க்கு, பெறுநர் சுற்றுச்சூழல் பொறியாளர், நகல் ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும். மூன்று வாரத்தில் அசைவு இல்லையென்றால் தீர்ப்பாயம். ஆற்றுக்கு, எம்.பி.க்குத் தனிக் கடிதம். அதில் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. தீர்ப்பாயத்தில் இருக்கும் விஷயத்தைச் சபையில் கேட்க விடமாட்டார்கள் என்பதால், 351-இல் ஒன்றான நம் ஆற்றின் கணக்கு மட்டும், கேள்வி வடிவிலேயே எழுதியது, இந்த வாரமே.

பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. “பிரதமருக்கு ஒரு நகலாவது போடேன்” என்றார். போட்டேன். தபால் செலவு அவருடையது.

“குழாய் திறந்தது என்றைக்கு?” என்று கேட்டேன். ஆவணிக் கடைசி என்றார்கள். தீர்ப்பாயத்தில் ஆவணிக் கடைசி என்று எழுத முடியாது, தேதி வேண்டும் என்றேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாட்டில் கொண்டுவந்தவர் பையைத் துழாவி, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். அவர் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், செப்டம்பர் 11. மறுநாள் மறுவீட்டுப் பலகாரத்தோடு வந்த விருந்தாளிகள் ஆற்றில் குளிக்க இறங்கி, நாற்றம் தாங்காமல் ஏறிவிட்டார்களாம். அன்று காலைதான் குழாய் திறந்திருந்தது. செப்டம்பர் 12 என்றால், கெடு மார்ச் 12.

பத்திரிகையை எதிரே ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்பி, மூன்று பிரதி எடுத்து, இணைப்பு 1 என்று மேலே எழுதினேன்.